இகரம் தொலைந்த கோப்பு



சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாலை எனக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, பின்னர்க் காலமாகிவிட்ட பெரியவரின் மகள் பேசினார்.

"அண்ணே, அப்பா எழுதுன தோட்டத்து வரலாற நீங்கதானே டைப் பண்ணிக் குடுத்தீங்க? கைல எழுதி வச்சிருந்த புத்தகத்தக் கரையான் அரிச்சிருச்சு. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

2003-ஆம் ஆண்டில் பள்ளியின் ஆண்டு மலருக்காக அவர் எழுதியது அது. கோல சிலாங்கூர்ப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. நீளமான கணக்குப் புத்தகத்தில், ஆசிரியர்களுக்கே உரிய குண்டு குண்டான கையெழுத்தில், தோட்டம் உருவான காலத்திலிருந்து தமக்குத் தெரிந்ததையும் பெரியவர்களிடம் கேட்டறிந்ததையும் எழுதியிருந்தார். முதல் வாத்தியார் யார், கோயில் எந்த ஆண்டு எழும்பியது, ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதை போடப் போனவர்கள் யார் யார் என்ற செய்திகளெல்லாம் அதில் உண்டு. போய்த் திரும்பாதவர்கள் என்று இருபத்தேழு பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருந்தார். நான் அப்போது பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதியவன். கணினி தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது பக்கம் தட்டச்சு செய்தேன். மலரில் இடமில்லை என்று இரண்டே பக்கம் அச்சாயிற்று. எஞ்சியதெல்லாம் கணினியிலேயே தங்கிவிட்டது.

வீட்டு அலமாரியில் அந்த நெகிழ்வட்டு கிடைத்தது. நம் நாட்டு ஈரப்பதம் அதைச் சும்மா விட்டுவைக்கவில்லை, உள்ளே பூஞ்சணம் படர்ந்திருந்தது. நல்லவேளையாக 2004-இல் பிழைதிருத்தத்திற்காக என் பயிற்சிக் கல்லூரித் தோழருக்கு முழுக் கட்டுரையையும் மின்மடலில் ஒட்டி அனுப்பியிருந்தேன். அவர் எதையும் அழிக்காத மனிதர். தேடி எடுத்து அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! டாலர் குறி, பவுன் குறி, தொப்பி போட்ட பிரெஞ்சு எழுத்து, தலைகீழ்க் கேள்விக்குறி என்று நாற்பது பக்கமும் ஒரே அலங்கோலம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை என் மகனுக்கு விளக்கப் போய், கணினித் தமிழ் நம் வட்டாரத்தில் நடந்து வந்த வழி முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அந்தக் கதையில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பங்கை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை என்ற ஆதங்கமும் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் ஓர் அடிப்படை. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்த எண் வந்தால் அந்த எழுத்தின் உருவத்தைத் திரையில் வரைந்து காட்டும். பழைய எட்டு பிட் கணக்கில் மொத்தம் 256 இருக்கைகள். முதல் 128 இருக்கைகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற் குறிகளும் கட்டளைக் குறிகளும் அமர்ந்துவிட்டன. பிற்பாதி 128 இருக்கைகள் பெரும்பாலும் மேலை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்குப் போயின. தமிழுக்கு என்று இருக்கையே கிடையாது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஐரோப்பிய எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை உட்காரவைத்தார்கள். அதற்குப் பெயர்தான் எழுத்துரு. கணினி அதைப் பிரெஞ்சு எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு இருக்கும்வரை நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். என் நாற்பது பக்கத்துக்கு நேர்ந்தது அதுதான்.

இருக்கைகளோ சில. தமிழ் எழுத்துகளோ, உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. இவற்றோடு கிரந்த எழுத்துகளும் உண்டு. எப்படி அடக்குவது? அதற்கான விடையைத் தட்டச்சுப் பொறி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் இரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் அலுவலக எழுத்தராகப் பணிபுரிந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. எழுத்து முழுவதற்கும் விசை வைக்காமல், துணைக்கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு என உறுப்புகளைப் பிரித்து விசை வைப்பதும், புள்ளி போன்றவற்றை அடிக்கும்போது தாளை நகர்த்தாத நகரா விசைகளை அமைப்பதும் அந்தப் பொறியின் அடிப்படை. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்துக்கொண்டு போகலாம். உகர, ஊகார உயிர்மெய்கள் மட்டும் இந்தப் பிரிப்புக்குள் எளிதில் அடங்கமாட்டா. கு, சு, டு, மு ஆகியவை ஆளுக்கொரு கோலத்தில் நிற்கின்றன. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான்.

கணினி வந்தபோதும் இந்தப் பழக்கமே தொடர்ந்தது. வடிவங்களை அடுக்கினோம். எழுத்துகளை அல்ல. இது பின்னால் எவ்வளவு பெரிய வினையாக முடியும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

1980-களின் நடுவில் கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் எழுதியை உருவாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில், 1985-இல், நம் நாட்டில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை வெளியிட்டார். இவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் தமிழாசிரியர். குழந்தைப் பாடல்களாலும் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்த பெருந்தொகுப்பாலும் நாம் அறிந்தவர். தமிழாசிரியர் வீட்டிலிருந்து தமிழ் மென்பொருள் வந்ததில் எனக்கு வியப்பில்லை. தமிழில் அழகாக ஒரு தாள் அச்சிட முடியாத அவலத்தை நாள்தோறும் அனுபவித்தவர்கள் தமிழாசிரியர்கள்தாம். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது எங்கள் தேர்வுத் தாள்கள் மெழுகுத் தாளில் இரும்பு முனைக் கோலால் கையால் எழுதப்பட்டு, மையுருளை இயந்திரத்தில் சுற்றியெடுக்கப்பட்டவை. மலாய்மொழித் தாள் மட்டும் தட்டச்சில் வரும். தமிழ்த் தாளில் ஆசிரியரின் கையெழுத்து. 'ன'வா 'ண'வா என்று கையைத் தூக்கிக் கேட்ட நாள்களும் உண்டு.

முரசு வந்த பின்னர் இதழ்களும் அச்சகங்களும் மெல்ல மெல்ல ஈயக் கோப்பிலிருந்து கணினிக்கு மாறின. அதுவரையில் கணினித் தமிழ் என்றால் தாளில் அச்சிடுவது. தாளில் வந்துவிட்டால், உள்ளே எந்த எண்ணில் சேமித்திருந்தால் யாருக்கு என்ன?

இணையம் வந்தபோது நிலைமை மாறியது. 1989-இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வையவிரிவு வலையை, 1993 ஏப்ரல் 30-இல் அந்நிறுவனம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே திறந்துவிட்டது. அதே ஆண்டில் மொசைக் உலாவி வந்தது. இனி ஒருவர் எழுதியதை வேறொருவர் வேறொரு நாட்டில், வேறொரு கணினியில் படிக்க வேண்டும். வேடம் கட்டிய தமிழ் அங்கே எடுபடவில்லை. அனுப்புகிறவரிடம் உள்ள எழுத்துரு பெறுகிறவரிடமும் இருக்க வேண்டுமல்லவா?

இங்கேதான் சிங்கப்பூர் ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நா. கோவிந்தசாமி 1946-இல் பிறந்தவர். சிறுகதையாளர், நாவலாசிரியர், 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தார். அதாவது நம்மைப் போன்ற ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர். கதை எழுதுகிறவருக்கும் கணினியின் எண் அட்டவணைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். அவர் 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பெயரைக் கேட்டதுமே பூங்குன்றனார் நினைவுக்கு வருகிறார் அல்லவா? கணிப்பவன் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. பெயர் வைப்பதில்கூட எழுத்தாளன் எழுத்தாளன்தான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் அப்போது டான் தின் வீ என்ற அறிஞரும் லியோங் கோக் யோங் என்ற இளைஞரும் ஆங்கிலம் அல்லாத மொழிகளை இணையத்தில் ஏற்றும் முயற்சியில் இருந்தனர். டான் தின் வீ உயிர்வேதியியல் துறையைச் சார்ந்தவர் என்பது ஒரு கூடுதல் வேடிக்கை. இவர்களோடு கோவிந்தசாமி இணைந்தார். 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட ஒரு வலைத்தளத்தை அதிபர் ஓங் தெங் சியோங் தொடக்கிவைத்தார். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் சரிசமமாக அதில் இடம்பெற்றது. இணையத்தில் தமிழ் ஏறிய முதல் இடம் இதுதானா என்று நம்மவர்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். யார் முதல்வர் என்ற வழக்கு நமக்குப் பழகிய ஒன்று. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரு நாட்டின் அதிபரே முன்வந்து தமிழையும் உள்ளடக்கிய வலைத்தளத்தைத் திறந்துவைத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால்தான் அது நிகழ்ந்தது. ஒரு சீன அறிஞர் தமிழுக்காக மெனக்கெட்டதும் அதனால்தான். அதே டான் தின் வீ 1998 வாக்கில் இணைய முகவரிகளையே பிற மொழிகளில் எழுதும் முறைக்கு வழிகோலினார். 2011-இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே ஒரு மேல்நிலைக் களப்பெயர் வந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

தமிழ் இணையத்தில் ஏறிவிட்டது. ஆனால் ஆளுக்கொரு எண் வரிசை. இதைப் பேசித் தீர்க்க 1997 மே 17, 18 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கைக் கோவிந்தசாமி முன்னின்று நடத்தினார். 'தமிழ்நெட் 97' என்பது அதன் பெயர். உலகத் தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது. நான் அப்போது ஐந்தாம் படிவ மாணவன். கணினி என்றால் விளையாட்டு என்று நினைத்திருந்த காலம். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பும் 'டாம்', 'டாப்' என்ற இரு குறியேற்றத் தரங்களும் அதையொட்டி வந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டரசு அவற்றை ஏற்று ஆணை பிறப்பித்தது.

அந்த ஆணையைப் பார்க்கக் கோவிந்தசாமி இல்லை. 1999 மே மாதம் அவர் மறைந்தார். வயது 53.

2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது 'உத்தமம்' எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். வார நாள் வகுப்பு, விடுதிக் கட்டுப்பாடு, கையில் காசில்லை என்று மூன்று காரணங்களால் போகவில்லை. இன்றுவரை அது ஒரு குறைதான்.

இதற்கிடையே இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் உள்ளிட்ட பலர் மின்மடலிலேயே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியேற்றத்தை வகுத்தனர். ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்களிலிருந்து அண்மைக்கால நூல்கள் வரை தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. பாடம் நடத்த ஒரு பாடல் தேவைப்பட்டால் நான் இன்றும் முதலில் தேடுவது அங்கேதான்.

ஆக, டாம் ஒன்று, டாப் ஒன்று, திஸ்கி ஒன்று. போதாதென்று ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. தங்கள் எழுத்துருவைப் பிறர் படியெடுத்துவிடக் கூடாது என்ற அச்சம் வேறு. முதலீடு போட்டவர்கள் அஞ்சியதில் தவறில்லை என்று இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் கிள்ளானில் ஒரு கணினி மையத்தில் மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்து உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாட்டு இதழ் ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் அலங்கோலம். எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தெரியும். கடைக்காரரோ, "இங்க எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது தம்பி" என்று முடித்துவிட்டார். மூன்று வெள்ளி போயிற்று. வீட்டிலென்றால் 1515-ஐ அழைத்து, மோடம் கத்தி முடித்து, எழுத்துரு முழுதாக இறங்குவதற்குள் யாராவது தொலைபேசியைத் தூக்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் நானும் அழகாக இருக்கிறதே என்பதற்காக, யாரோ ஒரு நண்பர் குறுவட்டில் கொடுத்த, பெயர் தெரியாத ஓர் எழுத்துருவில் தலைமையாசிரியரின் நாற்பது பக்கத்தையும் அடித்தேன்.

இவ்வளவையும் கேட்ட மகன் ஒரு கேள்வி கேட்டான். "அப்போ யுனிகோட் இல்லையாப்பா?"

இருந்தது! ஒருங்குறி எனப்படும் யுனிகோடின் முதற்பதிப்பு 1991-இலேயே வெளிவந்துவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண். தமிழுக்கென 128 இருக்கைகள் கொண்ட ஒரு வரிசை அதிலேயே உண்டு. 2000-இல் வந்த விண்டோஸ் 2000, 'லதா' என்ற எழுத்துருவோடு அதை ஆதரித்தது. பள்ளிக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலும் அது உள்ளே உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை எழுப்ப, மொழி அமைப்புப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் சரிக்குறி இட வேண்டும். சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவுக என்று ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் தாய்லாந்து மொழியைக் குறிப்பிட்டிருப்பார்கள். தமிழின் பெயரே அங்கு இராது. அந்தக் கட்டம் நமக்கும் உரியது என்று எனக்குச் சொல்வதற்கு ஆளில்லை.

அதே 2003-இல்தான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வந்துசேர்ந்தன. தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் புத்தம்புதுக் கணினி ஆங்கிலப் பாடத்தைச் சுமந்துகொண்டு நுழைந்தது. அதே கணினிக்குள் தமிழ் பூட்டிக் கிடந்தது. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. அது வேறு கதை.

ஒருங்குறியைப் பற்றித் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த 'இஸ்கி' என்ற தரத்தின் அச்சில் தமிழையும் வார்த்துவிட்டார்கள். க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பிற மொழிகளின் வர்க்க எழுத்துகளுக்கு நேராக விட்ட இடைவெளி அது. ர-வை அடுத்து ற, ந-வை அடுத்து ன. நெடுங்கணக்கில் கடைசியில் நிற்க வேண்டிய எழுத்துகள் நடுவில் புகுந்துவிட்டன. எண் வரிசைப்படியே பெயர்ப் பட்டியலை அடுக்கச் சொன்னால் அகரவரிசை பிறழும். இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று. வகுப்பில் நாம் என்ன கற்பிக்கிறோம்? க் + அ = க. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. கணினியோ க-வை முதலில் வைத்து, அதன்மேல் புள்ளியிட்டு, க் என்கிறது. இலக்கணம் தலைகீழ்! இதனாலேயே ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் வேறொரு தரத்திற்காகச் சிலர் நெடுங்காலம் போராடினார்கள். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபோது, சில பயன்பாடுகளுக்கு அந்த 16 பிட் அனைத்தெழுத்துத் தரத்தையும் சேர்த்தே அறிவித்தது.

ஆனால் ஒன்று. ஒருங்குறியில் 'கொ' என்பது க, அதனோடு ஒகரக் குறி. கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பதில்லை. பிள்ளை சொல்லும் ஒலி வரிசையில் அது சேமிக்கப்படுகிறது. எப்படி வரைவது என்பதைத் திரை பார்த்துக்கொள்ளும். கணினிக்குள் முதன்முறையாகத் தமிழ் எழுத்து எழுத்தாகவே போயிற்று. வரிசை பிறழ்ந்திருந்தாலும் யார் கணினியிலும் அது தமிழ்தான். அகரவரிசையை மென்பொருளால் திருத்திக்கொள்ள முடிகிறது. என் நாற்பது பக்கத்தைத் திருத்திக்கொள்ள முடியவில்லையே!

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. வலைப்பதிவுகள் பெருகின. 2005 பொங்கல் நாளில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவிட்டது. அதே ஆண்டு வந்த மேக் இயங்குதளத்தில் அவருடைய 'இணைமதி' எழுத்துரு இடம்பெற்றது. உங்கள் கையில் ஐபோன் இருந்தால் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துப் பாருங்கள். 'தமிழ் 99', 'அஞ்சல்' என்ற பெயர்கள் தெரியும். அஞ்சல் நம் நாட்டுப் பெயர். இதை வகுப்பில் காட்டியபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "நெசமாவா சார், மலேசியாவுலயா?" என்று இரண்டு முறை கேட்டான்.

இனி என் கோப்புக்கு வருகிறேன். பரவலான எழுத்துருக்களுக்குக் குறிமாற்றிகள் இணையத்தில் உண்டு. ஒட்டினால் ஒருங்குறியாகத் தந்துவிடும். என் எழுத்துரு அவற்றில் எதற்கும் பிடிபடவில்லை. அப்போது மகன்தான் ஒரு வழி சொன்னான். ஆண்டு மலரில் அச்சான இரண்டு பக்கம் இருக்கிறதே! அந்தப் பக்கங்களையும் மடலில் உள்ள அலங்கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியல் போட்டோம். பவுன் குறி மகரம். தலைகீழ்க் கேள்விக்குறி சங்கிலிக் கொம்பு. இரண்டு இரவுகளில் ஏறத்தாழ எல்லாம் சிக்கின. அவன் எழுதிய சிறு நிரல் நாற்பது பக்கத்தையும் நொடியில் தமிழாக்கியது. "பள்ளிக்கூடம்" என்ற சொல் திரையில் எழுந்து நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது உண்மை.

ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும் எந்தக் குறியும் அகப்படவில்லை. இ.

மலரில் 'இருந்தது' என்றிருக்கும் இடத்தில் கோப்பில் 'ருந்தது'. 'இல்லை' என்பது 'ல்லை'. நாற்பது பக்கத்திலும் ஓர் இகரம்கூட இல்லை. தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அந்த எழுத்துருவைச் செய்தவர் இ-யை 173-ஆம் இருக்கையில் உட்காரவைத்திருக்கிறார். ஐரோப்பிய வரிசையில் அது வரி முறியும் இடத்தில் மட்டும் தோன்றும் இணைப்புக் கோட்டின் இடம். மற்ற வேளைகளில் கண்ணுக்குத் தெரியாது. வெட்டி ஒட்டும்போதும் மடலில் அனுப்பும்போதும் தேவையற்றது என்று மென்பொருள்கள் அதை வழித்து எறிந்துவிடும். எங்கள் மடலிலும் அப்படித்தான் போயிருக்கிறது.

'ருந்தது', 'ல்லை' போன்றவற்றைச் சரிசெய்வது பெரிய வேலையன்று. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்ற விதியே துணைசெய்தது. தடுக்கியது அந்த இருபத்தேழு பெயர்களில். 'ருளப்பன்' என்றிருந்தால் இருளப்பன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 'ராமசாமி' என்றிருந்தால்? இராமசாமியா, ராமசாமியா? 'லட்சுமணன்', 'ரங்கன்'?

இலக்கணப்படி இகரம் போட்டுவிட்டால் முடிந்தது என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் தலைமையாசிரியரும் வகுப்பில் அப்படித்தான் அடித்துத் திருத்துவார். ஆனால் அந்தப் பட்டியலை நான் தட்டச்சு செய்தபோது, ஓரிடத்தில் இ இல்லாததைப் பார்த்து, "சார், இங்க விட்டுப்போச்சு" என்று நானே சேர்க்கப் போனேன். அவர் தடுத்துவிட்டார். "வேணாம். அந்த வீட்டுக்காரங்க அப்படித்தான் எழுதுவாங்க. போனவன் பேர நாம திருத்தக் கூடாது." இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எந்தப் பெயர் என்பதுதான் நினைவில் இல்லை.

அப்படிப்பட்ட பெயர்கள் ஏழு. கட்டுரையில் அவற்றை மட்டும் இடைவெளி விட்டு அச்சிட்டு மகளிடம் கொடுத்தேன். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் நாலா திசைக்கும் போய்விட்டார்கள். இருந்தும் அவர் விடாமல் விசாரித்து நான்கு குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ் கிடைத்தது. அதில் தாத்தாவின் பெயர் இகரத்தோடுதான் அச்சாகியிருக்கிறது. இன்னொரு வீட்டிலிருந்து நேற்று அவருக்கு மறுமொழி வந்ததாம். மீதி மூன்று பெயருக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போகிறோம். அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோயில் அர்ச்சனைச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறாராம்.